களிமண் வயலுக்கும் மணல் தோட்டத்துக்கும் எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மண்ணையும் கிணற்றையும் கெடுக்காத விவசாயத்தை ஆராய்ந்து பார்ப்பதற்கும், பார்த்ததைப் பிள்ளைகளுக்கும் கமக்காரருக்கும் கற்றுக்கொடுப்பதற்கும் திருகோணமலை மாவட்டத்தில் நிரந்தரமான ஒரு பண்ணை வேண்டும். அதைக் கேட்கவே இந்தக் கடிதம். நான் பாடசாலையில் விவசாய விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்து வெளியில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயல் உண்டு, தம்பிதான் செய்கிறார். கணவரின் ஊர் நிலாவெளிப் பக்கம். அங்கே வீட்டோடு சேர்ந்த மணல் தோட்டத்தில் வெங்காயம் வைப்போம். இரண்டு மண்ணிலும் வேலை செய்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இன்றைக்கு எங்கள் ஊரில் சேதனப் பசளை என்று பேச்சை எடுத்தாலே ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2021 மே மாதம், இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று வர்த்தமானி வெளியானது. பெரும்போக விதைப்புக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. சேதனப் பசளை தருவோம் என்றார்கள். எங்கள் வயலுக்கு வந்த மூட்டைகளைப் பிரித்தபோது உள்ளே கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் உக்காத தும்பும் கிடந்தன. சீனாவில் இருந்து கப்பலில் வந்த பசளையில் நோய்க்கிருமி இருக்கிறது என்று தாவரத் தடுப்புக்காப்புப் பிரிவினர் அதை இறக்க விடவில்லை. நவம்பர் கடைசியில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பயிர் மஞ்சளித்துவிட்டது. ஏக்கருக்கு 28 மூட்டை வரும் எங்கள் வயலில் அந்த முறை 13 மூட்டைதான் கட்டினோம். அடுத்த வருடம் நாடு வெளியில் இருந்து அரிசி வாங்கியது. அப்போது அடகு வைத்த நகையை மீட்க முடியாத வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இன்னமும் இருக்கின்றன.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு, உயர்தர வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு சாதாரணக் கணக்கே போதும். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. ஆக, ஓர் அந்தர், அதாவது 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் அது நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். தம்பி ஏக்கருக்கு இரண்டு அந்தர் அளவில் யூரியா போடுவார். மூன்று ஏக்கருக்கும் சேர்த்தால் கிட்டத்தட்ட 14 தொன் கூட்டெரு ஆகிறது. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். மிச்சம் மண்ணிலேயே கிடந்து, அடுத்தடுத்த போகங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும்.

அப்படிப் பல போகம் எருவும் தழையும் போட்டு வளம் ஏறிய மண்ணில் சேதன விவசாயம் விளையும். யூரியாவுக்குப் பழகிய மண்ணில், யூரியாவுக்கென்றே உருவாக்கிய நெல்லை விதைத்து, முதல் போகத்திலேயே பழைய விளைச்சலை எதிர்பார்த்தால் வராது. மாவட்டத்தில் ஒரு பண்ணையாவது இதை முன்கூட்டியே செய்து எழுதி வைத்திருந்தால், இத்தனை போகம் பொறுக்க வேண்டும், இவ்வளவு எரு வேண்டும், அவ்வளவு எங்களிடம் இல்லை என்று கமக்காரரே எழுந்து ஆதாரத்தோடு பேசியிருப்பார்கள். வீதியில் இறங்கிக் கத்தினோம். கையில் எடுத்துக் காட்ட ஒரு பதிவேடு இருக்கவில்லை.

அதற்காக, யூரியாவும் மருந்தும்தான் விவசாயம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. நிலாவெளியில் இருந்து கும்புறுப்பிட்டி, குச்சவெளி வரைக்கும் கடற்கரையோரம் போய்ப் பாருங்கள். அந்த மணலில் தண்ணீர் நிற்காது. வெயில் காலத்தில் வெங்காயத்துக்குத் திரும்பத் திரும்ப இறைக்கிறோம். இறைக்கிற தண்ணீரோடு, போட்ட பசளையும் கீழே இறங்குகிறது. கீழே இருப்பது நாங்கள் குடிக்கும் கிணற்றின் ஊற்று. உப்பு நீருக்கு மேலே மெல்லிதாக மிதந்து நிற்கும் மழை நீர் அது. எங்கள் கரையைப் போன்ற மணல்தான் கற்பிட்டியிலும். அங்கேயும் யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை அளந்து காட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது அளவுக்கு மேல் இருந்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலு குறைந்து பிள்ளை நீலம் பாரிக்கும். வெங்காயப் பாத்திக்குப் பத்தடி தள்ளிக் குடிதண்ணீர்க் கிணறு இருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். எங்கள் வீடும் அப்படித்தான்.

வயலில் என்னை அதிகம் வருத்துவது மருந்து. ஒரு சிறுபோகத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைத் தம்பியின் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து வயல்காரர் மருந்துப் போத்தலோடு வரம்பில் நின்றார். பயிர் வட்டம் வட்டமாகக் காய்கிறது, சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்துவிட்டது என்றார். அவருடைய மகளும் என் வகுப்புத்தான். பயிரின் அடியை விரித்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே என்னென்ன இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். அறக்கொட்டியின் விஞ்ஞானப் பெயரைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைகள் அவர்கள். உயிரோடு அதைக் கண்டது அன்றைக்குத்தான். கூடவே சிலந்திகளையும் கண்டார்கள். ஓநாய்ச் சிலந்தி என்று வகுப்பில் படிப்பித்திருந்தேன். ஒன்று நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை பிடித்துத் தின்னும். தம்பியின் வயலில் விரித்த இடமெல்லாம் சிலந்தி ஓடியது. அடுத்த வயலில் அறக்கொட்டி மொய்த்துக் கிடந்தது, சிலந்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளை தகப்பனிடம் போனாள். “அப்பா, விதைத்து ஒரு மாதத்தில், இலையை மடிக்கும் மடிச்சுக்கட்டிப் புழுவுக்கு என்று நீங்கள் அடித்தீர்களே, அந்த மருந்து சிலந்தியைக் கொன்றுவிட்டது. அறக்கொட்டி முட்டை இடுவது இலை மடலுக்கு உள்ளே. அதில் மருந்து படாது. முட்டை பொரித்து வரும்போது தின்ன ஆள் இல்லை” என்றாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தானும் குனிந்து இரண்டு மூன்று இடத்தில் விரித்துப் பார்த்தார். பிறகு போத்தலை வரம்பில் வைத்துவிட்டு, வயலில் நின்ற தண்ணீரை வடிய விட்டார். அறக்கொட்டிக்கு அதுதான் முதல் வேலை. அடி காய்ந்து காற்றுப் பட்டால் அது பெருகுவது குறையும்.

நான் வகுப்பறைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதிய பாடம் அது. வரம்பில் நின்று மகள் சொன்னபோது ஒரு கமக்காரரின் கை நின்றது. அந்த மாதிரிப் பாடம் தற்செயலாக ஒருநாள் நடந்தால் போதாது, ஒவ்வொரு போகமும் நடக்க வேண்டும்.

இந்தோனேசியா இதை நாடு முழுக்கச் செய்தது. அங்கேயும் அறக்கொட்டிதான் நெல்லைத் தின்றது. அடிக்க அடிக்கப் பெருகியது. 1986 இல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பீடைநாசினிகளை ஜனாதிபதியின் ஆணையால் நிறுத்தினார்கள். யூரியாவில் கை வைக்கவில்லை. மருந்துக்குக் கொடுத்த மானியத்தைச் சில வருடங்களில் படிப்படியாக எடுத்தார்கள். 1989 அளவில் வயற் பாடசாலைகளைத் தொடங்கினார்கள். கமக்காரர் கூட்டமாக, போகம் முழுவதும் கிழமைக்கு ஒருநாள் வயலில் இறங்கி, எண்ணி, படம் கீறி, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். விளைச்சல் விழவில்லை. அங்கே எதை நிறுத்துவது என்று தெரிந்து நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகு பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுத்தார்கள். 2021 இல் எங்களுக்கு இந்த இரண்டும் கிடைக்கவில்லை.

பண்ணை என்றவுடன், வாசலில் வளைவும் பூஞ்செடியும் வைத்து, மாதிரிக்குப் பத்துப் பாத்தி போட்டு, பெரியவர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் இடத்தை நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 இல் தொடங்கிய கோதுமை வயல் ஒன்று இன்றைக்கும் நடக்கிறது. ஒரு துண்டுக்கு வருடா வருடம் மாட்டெரு. வேறு துண்டுகளுக்கு இரசாயனப் பசளை. ஒரு துண்டுக்கு ஒன்றுமே இல்லை. மாட்டெருத் துண்டு விளைச்சலில் இரசாயனத் துண்டுகளுக்கு ஈடு கொடுத்து வந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஹெக்டயருக்கு 35 தொன் எரு ஒவ்வொரு வருடமும் போகிறது. இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் 1978 முதல் சேதன முறையையும் வழமையான முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்கிறார்கள். 21 வருடத்து முடிவை 2002 இல் வெளியிட்டார்கள். சேதனத் துண்டுகளில் விளைச்சல் சராசரியாக நூற்றுக்கு 20 குறைவு. உள்ளே போட்ட பசளைச் சத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவு. மண்ணில் உயிர்கள் அதிகம். இப்படி எழுதப்பட்ட ஒரு தாள் கையில் இருந்தால் எந்தக் கமக்காரனும் தன் வயலுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த எண்களை அப்படியே தூக்கி வந்து தம்பலகாமத்தில் வைக்கவும் முடியாது. குளிர் நாட்டில் மண்ணில் போட்ட எரு ஆறுதலாக உக்கும். எங்கள் வெயிலில் அது வேகமாக உக்கித் தீர்ந்துவிடும். வெள்ளம் கட்டி நிற்கும் வயலிலோ காற்றில்லாமல் வேறு விதமாக உக்கும். ஆகவே எங்கள் மண்ணிலேயே, எங்கள் குளத்துத் தண்ணீரிலேயே செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வைக்கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் வயலில் வரிசையாகக் கிடக்கிறது. நெருப்பு வைத்துவிட்டு உழுகிறார்கள். நெற்பயிர் மண்ணில் இருந்து எடுத்த பொட்டாசியத்தில் நூற்றுக்கு 80 அளவு வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் நைதரசன் புகையோடு போகும், சாம்பலை முதல் மழை அடித்துக்கொண்டு போகும். அப்புறம் கடைக்குப் போய் எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளை மூட்டை வாங்குகிறோம். எரிக்காதே என்று சொல்வது சுலபம். ஆனால் தண்ணீர் திறக்கும் திகதிக்கும் விதைப்புக்கும் இடையில் உக்குவதற்குக் காலம் போதாவிட்டால், உக்கிக்கொண்டிருக்கும் வைக்கோலே மண்ணின் நைதரசனை இழுத்துக்கொள்ளும், இளம் பயிர் மஞ்சளிக்கும். இதைக் கண்டு பயந்தவர்கள்தான் நெருப்பு வைக்கிறார்கள். அவர்கள் அறியாமல் செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எத்தனை நாள் முந்தி மடித்து உழ வேண்டும், அதற்கு எத்தனை நாள் முந்தி வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும் என்பதைப் பண்ணையில் மூன்று நான்கு போகம் செய்து காட்டினால், பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் திகதியை மாற்றித் தரச் சொல்லி நாங்கள் கேட்கலாம். வெறும் வாயால் கேட்டால் நீர்ப்பாசனக்காரர் தரமாட்டார்கள், தரவும் முடியாது.

தழைப் பசளைக்கு விதைக்கும் சணலும் சித்தகத்தியும் அப்படித்தான். சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் இடையில் விதைத்துப் பூக்கும் முன்னே மடித்து உழுதால் நல்ல நைதரசன். அந்த இடைவெளியில் மழை இல்லை, வாய்க்காலும் பூட்டு. ஈரம் எங்கே இருந்து வரும்? பட்டி மாடுகளும் அந்த நேரத்தில்தான் வெட்டின வயலில் மேய இறங்கும். மாட்டை விரட்டினால் எரு போகும், விட்டால் சணல் போகும். மாட்டுக்காரரையும் கமக்காரரையும் ஓரிடத்தில் இருத்தி, எந்தத் துண்டில் மேய்ச்சல், எந்தத் துண்டில் தழை என்று பிரித்துச் செய்து பார்க்க ஒரு பொது நிலம் வேண்டாமா?

விதை விஷயத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், சுவந்தெல் போன்ற பழைய நெல்லுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் உயர வளர்ந்து சாய்ந்துவிடும். குறைந்த வளத்தில் விளையப் பழகியவை அவை. பி.ஜி. என்ற புதிய நெல்லினங்கள் கட்டையானவை, பசளைக்குப் பதில் சொல்பவை. முறையை மாற்றும்போது எந்த நெல் அதற்குப் பொருந்தும் என்றும் பார்க்காவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். கொட்டியாரக் குடாவை ஒட்டிய மூதூர், கிண்ணியா வயல்களில் உப்பு ஏறுகிற இடங்கள் உண்டு. அங்கே உப்பைத் தாங்கும் ஏ.ரி. 354 என்ற புதிய நெல்லையும் பழைய இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்க்க வேண்டும். கன்னொறுவையில் தாவர மரபுவள நிலையத்தின் குளிரறையில் பழைய நெல்லினங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை. அந்த நெல் வயலிலும் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. இப்படியே நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை உழவர் கையில் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் 2018 இல் அவர் கண்ணை மூடினார். அந்த நிபந்தனையை நாங்களும் எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பெரிய கட்டடமும் தேவையில்லை.

அவருக்கு வழிகாட்டிய, சேதன விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயாவை எங்கள் பக்கத்திலும் பலருக்குத் தெரியும். கோவில்பட்டி அரசு ஆய்வுப் பண்ணையில் வேலை செய்தவர் அவர். அங்கே நடக்கும் ஆராய்ச்சி மழையை நம்பிப் பயிர் செய்யும் ஏழைக்கு உதவவில்லை என்று கண்டு, அறுபதுகளின் கடைசியில் வேலையை விட்டு வெளியே வந்தார். பிற்காலத்தில் கரூர் மாவட்டத்துக் கடவூர்ப் பக்கம் காய்ந்து கிடந்த நிலத்தில் வானகம் என்ற பயிற்சிப் பண்ணையை உருவாக்கினார். ஆட்கள் அங்கே தங்கி, வேலை செய்து, படித்துவிட்டுப் போகிறார்கள். அவர் மறைந்தது 2013 இல், பண்ணையில் பயிற்சி நிற்கவில்லை. என் மனதில் இருக்கும் பண்ணைக்கு ரொதம்ஸ்டெட்டின் பதிவேடும் வேண்டும், வானகத்தின் கதவும் வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று எனக்குப் போதாது. பதிவேடு இல்லாவிட்டால் 2021 இல் கேட்டது போன்ற பேச்சுத்தான் மிஞ்சும். கதவு பூட்டியிருந்தால் கட்டுரை வரும், கமக்காரனுக்கு ஒன்றும் வராது.

எங்கே வைப்பது? வயலுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று இரண்டு துண்டாக வைக்கலாம். கந்தளாயில் சீனித் தொழிற்சாலை தொண்ணூறுகளில் நின்ற பிறகு கரும்பு இல்லாமல் கிடக்கும் நிலம் உண்டு, குளத்துக்கும் கிட்ட. மணல் துண்டுக்கு நிலாவெளி வீதியில் கோணேசபுரி பொருத்தமான இடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் வந்தாறுமூலையில், எங்களுக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் வளாகம் கோணேசபுரியில் இருக்கிறதே. அங்கே பிரயோக விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் கிணற்று நீரின் நைத்திரேற்றை மாதாமாதம் அளக்கலாம். சித்த மருத்துவம் படிப்பவர்களுக்கு மூலிகைப் பாத்தி அங்கேயே கிடைக்கும். வந்தாறுமூலையில் இருந்து விவசாய மாணவர் ஒரு போகம் தங்கிப் படிக்கலாம். பாடசாலைகளில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவு வந்து, உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்று ஒரு பாடமும் நடக்கிறது. அந்தப் பாடத்துக்குச் செய்முறைக்கு என்று போக ஓர் இடம் இல்லாமல் பிள்ளைகள் படம் பார்த்துப் படிப்பதை நான் கிட்ட இருந்து கண்டேன்.

வயல் துண்டில் குறைந்தது நான்கு விதம் வேண்டும்: இப்போது நாங்கள் செய்கிறபடி ஒன்று, முழுக்கச் சேதனமாக ஒன்று, பாதிப் பசளையோடு எருவும் தழையும் சேர்த்து ஒன்று, எதுவும் போடாமல் ஒன்று. ஒவ்வொன்றையும் பல இடத்தில் திருப்பிப் போட வேண்டும். மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றும் இருந்தால் முடிவு பிழைத்துவிடும். குறைந்தது பத்து வருடத்துக்கு ஒருவரும் இதை மாற்றக்கூடாது. சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் எத்தனையோ விவசாயத் திட்டங்கள் எங்கள் ஊர்களுக்கு வந்தன. வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். பணம் முடியும் திகதியில் பெயர்ப் பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மண் மாறுவதற்கு அவர்களுடைய காலம் போதவில்லை. அதனால்தான் வெளிப்பணத்தை மட்டும் நம்பாமல், மாகாண விவசாய அமைச்சின் வருடாந்தச் செலவில் இதற்கென்று ஒரு தனி ஒதுக்கீடு வேண்டும் என்கிறேன்.

பண்ணை வாசலில் ஒரு பலகை இருக்க வேண்டும். ஒவ்வொரு போகமும் ஒவ்வொரு துண்டிலும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை, செலவு எவ்வளவு, கையில் மிஞ்சியது எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். விளைச்சல் விழுந்தாலும் எழுத வேண்டும். கந்தளாய் வாய்க்காலில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேருடைய வயலுக்கும் ஒரே தண்ணீர்தான் பாய்கிறது. ஒருவர் அடித்த மருந்து வடிகாலில் இறங்கி அடுத்தவர் வயலுக்குப் போகிறது. ஆகவே பண்ணையை நடத்தும் குழுவில் மூன்று பகுதிக் கமக்காரர் அமைப்புகளும் இருக்க வேண்டும், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைமாரும் இருக்க வேண்டும்.

கூலிக்குக் களை பிடுங்கும் பெண்களையும் மறக்க வேண்டாம். களைநாசினி வந்த பிறகு அவர்களுக்கு வேலை குறைந்தது. சேதன முறையில் களைதான் பெரிய பிரச்சினை. வேலை திரும்ப வரும், ஆனால் வெயிலில் குனிந்து நின்று பிடுங்கும் அதே நாரி உளைவும் திரும்ப வரும். வரிசையாக நட்டு, தள்ளும் களைக்கருவியை விட்டால் எவ்வளவு மிச்சம், கூலி எவ்வளவு கட்டும் என்பதை அவர்களையே வைத்து, நியாயமான கூலி கொடுத்துப் பார்க்க வேண்டும். விவசாயக் கூட்டங்களில் அவர்களை நான் கண்டதே இல்லை. எந்தக் களை எப்போது முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

மாகாண விவசாய அமைச்சு, மாவட்டச் செயலகம், பல்கலைக்கழக வளாகம் மூன்றும் அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் கமக்காரர் அமைப்புகளோடு ஒரு தடவை இருந்து பேச வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். காணி அளந்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் மூன்று ஏக்கரில் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் அரை ஏக்கரைப் பத்து வருடத்துக்கு எழுதித் தர நானும் தம்பியும் இணங்கியிருக்கிறோம். விளைச்சல் குறைந்தால் நட்ட ஈடு கேட்க மாட்டோம். பதிவேட்டை ஊரில் யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும், அது மட்டும்தான் எங்கள் நிபந்தனை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாய விஞ்ஞான ஆசிரியை,
தம்பலகாமம்.